நெல் அறுவடை மாதிரிக் காட்சி

நெல் அறுவடை மாதிரிக் காட்சி என்பது வயலில் கதிர் அறுப்பது தொடங்கிக் களத்தில் நெல்லைத் தூற்றி மூட்டை கட்டுவது வரையான வேலைகளைச் சிறிய அளவில், முப்பரிமாணத்தில் அமைத்துக் காட்டும் காட்சியமைப்பு ஆகும். தமிழ்நாட்டில் நவராத்திரிக் கொலுப் படிகளின் அருகே சிறுவர் அமைக்கும் பூங்காக்களிலும், பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலும், பொருட்காட்சிகளின் வேளாண்மை அரங்குகளிலும் இத்தகைய காட்சிகளைக் காணலாம். மாதிரித் தொடர்வண்டிப் பாதை அமைப்போரும் பாதையின் இருபுறமும் வயற்காட்சிகளை அமைப்பதுண்டு.

ஒரு மாதிரிக் காட்சி அழகாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. உண்மையான காட்சிக்கு ஊர், ஆண்டு, பட்டம், நெல் வகை, அறுவடை முறை ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தியிருத்தல் வேண்டும். கீழே திருவள்ளூர் மாவட்டமும் அதன் வடகிழக்கில் உள்ள கும்மிடிப்பூண்டிப் பகுதியும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன. நெல் வயல்களும் தொழிற்பேட்டைகளும் அடுத்தடுத்து அமைந்த இப்பகுதியில், எந்த ஆண்டின் காட்சி என்பதைப் பொறுத்து நிலத்தின் தோற்றமே மாறிவிடுகிறது.

வரலாறு

வேளாண் வேலைகளைச் சிறு உருவங்களாகச் செய்யும் வழக்கம் மிகப் பழையது. பண்டைய எகிப்தில் கி.மு. 2000-ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த மெக்கெட்ரே என்னும் அதிகாரியின் கல்லறையில் மரத்தாலான மாதிரிகள் வைக்கப்பட்டிருந்தன. எர்பர்ட் வின்லாக் தலைமையிலான அகழாய்வுக் குழு 1920 ஆம் ஆண்டில் இவற்றைக் கண்டெடுத்தது. தானியக் களஞ்சியம், மாடுகளைக் கணக்கெடுக்கும் காட்சி, அடுமனை முதலியன அவற்றுள் அடங்கும். களஞ்சிய மாதிரியில் தானியத்தைக் கொட்டும் ஆட்களோடு, அளவைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர்களும் இடம்பெற்றுள்ளனர். இம்மாதிரிகள் கெய்ரோவிலும் நியூயார்க்கிலும் உள்ள அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

காட்சிப் பேழையைக் குறிக்கும் டயோராமா என்ற சொல், 1822 ஆம் ஆண்டில் பாரிசில் லூயி டாகுவேர் தொடங்கிய காட்சியரங்கின் பெயரிலிருந்து வந்தது. முதல் உலகப் போருக்குப் பின், 1920களில், இங்கிலாந்தின் பிரிட்டன்சு நிறுவனம் ஈயத்தாலான பண்ணை உருவங்களைச் செய்து விற்றது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1945 இல் தொடங்கப்பட்ட எர்ட்டில் நிறுவனம் அளவுத்திட்டப்படி செய்த உழவு இயந்திர மாதிரிகளால் புகழ் பெற்றது.

இந்தியாவில் வங்காளத்தின் கிருஷ்ணாநகர்க் களிமண் உருவங்களும், ஆந்திரப் பிரதேசத்தின் கொண்டப்பள்ளி மரப் பொம்மைகளும் உழவர், மாட்டுவண்டி போன்ற ஊர்ப்புறக் காட்சிகளுக்குப் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்களில் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் கொலுப் பொம்மைகள் செய்யப்படுகின்றன. கொலுப் பூங்காவில் வயலைக் காட்டக் கேழ்வரகு, கடுகு, வெந்தயம் ஆகியவற்றைத் தட்டில் முளைக்கவிடுவது வழக்கம். இது இளம்பயிருக்குப் பொருந்தும். முற்றிய கதிருக்கு வேறு பொருள் தேவைப்படுகிறது.

இடப் பின்னணி

திருவள்ளூர் மாவட்டம் 1997 ஆம் ஆண்டில் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. கொசத்தலை ஆறும் ஆரணி ஆறும் இம்மாவட்டத்தின் வழியே பாய்ந்து கடலை அடைகின்றன. எனினும் நெற்பயிர் பெரும்பாலும் ஏரிகளையும் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியுள்ளது. ஆகவே இப்பகுதியின் வயற்காட்சியில் ஏரிக்கரை, மதகு, வாய்க்கால், மின் இறைப்பிக்கான சிறு கொட்டகை ஆகியவை இயல்பாக இடம்பெறும். காவிரிப் படுகையைப் போலப் பெரிய ஆற்று வாய்க்கால்களைக் காட்டுவது இங்குப் பொருந்தாது.

திருவள்ளூரை அடுத்த திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. இந்நிலையம் வெளியிட்ட நெல் வகைகள் டி.கே.எம். என்ற எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. இவற்றுள் டி.கே.எம். 6 தண்டுத் துளைப்பானைத் தாங்கும் தன்மைக்குப் பெயர் பெற்றது. பிலிப்பீன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1969 இல் வெளியிட்ட ஐ.ஆர். 20 நெல்லின் பெற்றோர்களுள் இதுவும் ஒன்றாகும்.

கும்மிடிப்பூண்டியில் தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகத்தின் (சிப்காட்) தொழில் வளாகம் உள்ளது. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் அகலப்பாதைத் தொடர்வண்டித் தடமும், கொல்கத்தா நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வூரைத் தொட்டுச் செல்கின்றன. வயல்களின் பின்புலத்தில் தொழிற்கூடங்களின் கூரைகள், புகைபோக்கிகள், உயர் அழுத்த மின்கோபுரங்கள், வரப்பில் நிற்கும் பனைமரங்கள் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் காணலாம்.

காட்சியின் காலத்தைத் தெரிவு செய்தல்

மாதிரி அமைப்போர் முதலில் முடிவு செய்ய வேண்டியது பட்டமும் ஆண்டும் ஆகும். இம்மாவட்டத்தில் மூன்று நெற்பட்டங்கள் உள்ளன.

• சொர்ணவாரி: சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆடி, ஆவணியில் அறுவடையாகும். மழை பெய்து வயல் ஈரமாக இருக்க வாய்ப்புண்டு.
• சம்பா: ஆடி, ஆவணியில் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையைக் கடந்து மார்கழி, தை மாதங்களில் அறுவடையாகும். ஏரிகளில் நீர் இருக்கும். வரப்புகளில் புல் பசுமையாக இருக்கும்.
• நவரை: மார்கழி, தையில் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் அறுவடையாகும். வரப்புப் புல் காய்ந்தும், ஏரி நீர் வற்றியும் காணப்படும்.

கொலு வைக்கப்படும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் சம்பாப் பயிர் இளமையாகவே நிற்கும். எனவே கொலுவில் அமைக்கப்படும் அறுவடைக் காட்சி, வெளியே உள்ள வயலைப் பார்த்துச் செய்யப்படுவதன்று. முந்திய அறுவடையின்போது எடுத்த ஒளிப்படங்களும் குறிப்புகளும் இதற்குத் துணை செய்யும்.

ஆண்டைப் பொறுத்துக் காட்சி பின்வருமாறு வேறுபடும்.

• 1960களின் நடுப்பகுதிக்கு முன்: ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் வரை வளர்ந்த உயரமான நெல் வகைகள், அங்கங்கே சாய்ந்த பயிர், கருக்கரிவாள், மாடுகளைக் கொண்டு போரடித்தல், மாட்டுவண்டி.
• 1966 இல் ஐ.ஆர். 8 வெளியிடப்பட்டுக் குட்டை வகைகள் பரவிய பின்: ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள பயிர், மின் இறைப்பி, கையால் அறுவடை, களத்தில் கட்டடித்தல், உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி.
• அறுவடை இயந்திரம் பரவிய பின்: சங்கிலித் தடத்தில் ஓடும் இயந்திரம், அதன் தடப்பதிவுகள், இழுவைப் பெட்டியில் நேராகக் கொட்டப்படும் நெல், உருளையாகக் கட்டிய வைக்கோல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன் அடுக்கிய மூட்டைகள்.

நிலவரைபடமும் ஆண்டுக்கு ஏற்ப மாறும். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஆகிய இரு ஏரிகளும் இணைக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கமாக்கப்பட்டன. இது 2020 ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டைக் காட்டும் மாதிரியில் இவ்விடத்தில் இரு தனித்தனி ஏரிகளும் அவற்றின் பாசன நிலங்களும் அமைய வேண்டும். 2021 ஆம் ஆண்டைக் காட்டும் மாதிரியில் ஒரே நீர்ப்பரப்பு அமைய வேண்டும்.

அளவுத்திட்டம்

காட்சியில் உள்ள அனைத்துப் பொருள்களும் ஒரே அளவுத்திட்டத்தில் இருத்தல் அடிப்படை விதியாகும். கையால் செய்யும் பெரிய காட்சிக்கு 1:12, பண்ணை விளையாட்டு மாதிரிகளுடன் சேர்க்க 1:32, மாதிரித் தொடர்வண்டியுடன் சேர்க்க 1:87 ஆகியவை ஏற்றவை. ஒரு மீட்டர் உயரமுள்ள பயிர், 160 செ.மீ. உயரமுள்ள ஆள், 20 செ.மீ. வரிசை இடைவெளி ஆகியவற்றின் மாதிரி அளவுகள் வருமாறு.

• 1:12 அளவில்: பயிர் 8.3 செ.மீ.; ஆள் 13.3 செ.மீ.; வரிசை இடைவெளி 1.7 செ.மீ.
• 1:32 அளவில்: பயிர் 3.1 செ.மீ.; ஆள் 5 செ.மீ.; வரிசை இடைவெளி 6 மி.மீ.
• 1:87 அளவில்: பயிர் 1.1 செ.மீ.; ஆள் 1.8 செ.மீ.; வரிசை இடைவெளி 2.3 மி.மீ.

பரப்பளவு, அளவுத்திட்டத்தின் இருமடிக்கேற்பக் குறையும். ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். 1:32 அளவில் இது 20 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரமாகும். 20 x 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 33 குத்துகள் வரும்; அதாவது ஒரு சென்டில் ஏறத்தாழ 1,350 குத்துகள். நான்கடிக்கு இரண்டடிப் பலகை 1:32 அளவில் சுமார் 19 சென்ட் நிலத்தைக் குறிக்கும். அதை முழுதும் பயிரால் நிரப்ப 25,000 குத்துகள் வேண்டும். எனவே பலகையின் பெரும்பகுதியை அறுத்து முடித்த தாளாகவும் களமாகவும் ஏரிக்கரையாகவும் அமைத்து, ஒரு மூலையில் மட்டும் நிற்கும் பயிரைக் காட்டுவது நடைமுறைக்கு ஏற்றது. அறுவடை நடுவில் உள்ள வயலும் இவ்வாறே காணப்படும்.

1:87 அளவில் சென்னை - கூடூர் தடத்தைச் சேர்க்க விரும்புவோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. இந்திய அகலப்பாதையின் அகலமான 1,676 மி.மீ. இவ்வளவில் 19.3 மி.மீ. ஆகும். கடைகளில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதை 1,435 மி.மீ. அகலமுள்ள வெளிநாட்டுப் பாதையைக் குறிப்பதாகும்.

அமைக்கும் முறை

அடித்தளமும் நிலமும்

ஒட்டுப்பலகையின்மீது தெர்மாகோல் தகடுகளை ஒட்டி, ஏரிக்கரை உயரமாகவும் வயல்கள் படிப்படியாகத் தாழ்ந்தும் இருக்குமாறு செதுக்க வேண்டும். ஏரிப் பாசனத்தில் நீர் தானாக இறங்கிச் செல்வதால் இச்சரிவு இன்றியமையாதது. தெர்மாகோலின்மீது தெளிப்பு வண்ணத்தை நேராக அடித்தால் அது கரைந்துவிடும். ஆகையால் முதலில் காகிதக் கூழ் அல்லது பாரிசுச் சாந்து பூசி உலரவிட வேண்டும். அதன்மேல் நீர் கலந்த மரப்பசையைத் தடவி, சலித்த உண்மையான மண்ணைத் தூவலாம்.

வரப்புகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருத்தல் கூடாது. மடை திறந்த இடம், ஆள் நடந்து தேய்ந்த இடம், நண்டு வளை ஆகியவை வரப்பின் இயல்பான தோற்றங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்பே நீர் வடிக்கப்படுவதால் வயலில் நீர் தேங்கி நிற்பதாகக் காட்டலாகாது. சம்பா, நவரை அறுவடைகளில் மண்ணில் மெல்லிய வெடிப்புகள் காணப்படும்.

நிற்கும் பயிர்

1:12 அளவில் பூந்துடைப்பத்தின் நுனிகளைச் சிறு கொத்துகளாக வெட்டி, துளையிட்ட தளத்தில் நட்டால் முற்றிய கதிரின் தோற்றம் கிடைக்கும். 1:32 அளவில் சணல் நாரைக் கத்தரித்துக் கொத்துகளாக்கி, நுனியில் பசை தொட்டு மெல்லிய மரத்தூளில் தோய்த்து மணிகளைக் காட்டலாம். 1:87 அளவில் நிலைமின் விசையால் இழைகளை நிமிர்த்தி ஒட்டும் கருவி பயன்படும்.

முற்றிய நெற்கதிர் தலை சாய்ந்து நிற்கும். கோதுமைக் கதிர் பெரும்பாலும் நிமிர்ந்தும் நீண்ட கூருடனும் இருக்கும். ஒட்டிய இழைகள் உலரும் முன் நுனிகளை விரலால் ஒரு பக்கமாக வளைத்துவிட்டால் நெல்லின் தோற்றம் வந்துவிடும். நிறமும் ஒரே பொன்மஞ்சளாக இருத்தல் ஆகாது. கதிர்கள் வைக்கோல் நிறத்தை அடைந்த பின்னும் மேலிலைகள் சற்றுப் பசுமையாகவே இருக்கும். ஐந்தில் நான்கு பங்கு மணிகள் முற்றிய நிலையே அறுவடைக்கு உரியது.

அறுத்த தாள்

கையால் அறுத்த வயலில் தாள் குட்டையாக, ஏறத்தாழ ஒரு சாண் அளவுக்குள் இருக்கும். குத்துகளின் வரிசை தெளிவாகத் தெரியும். இயந்திரம் அறுத்த வயலில் தாள் இதைவிட உயரமாக நிற்கும். வைக்கோல் இயந்திரம் சென்ற வழியில் வரிசையாகக் கிடக்கும். சங்கிலித் தடத்தில் தாள் மடிந்து மண்ணில் அழுந்தியிருக்கும். தாளின் உயரத்தைக் கொண்டே காட்சி எம்முறையைக் காட்டுகிறது என்பதைத் தேர்ந்த பார்வையாளர் கூறிவிடுவர்.

ஆட்களும் வேலை வரிசையும்

கையறுவடைக் காட்சியில் வேலைகள் பின்வரும் வரிசையில் அமைய வேண்டும்.

1. குனிந்து இடக்கையால் குத்தைப் பிடித்து, வலக்கை அரிவாளால் அறுத்தல்.
2. அறுத்த பிடிகளை அரி அரியாகத் தாளின்மீது பரப்பிக் காயவிடுதல்.
3. அரிகளைச் சேர்த்து வைக்கோல் பிரியால் கட்டுக் கட்டுதல்.
4. சும்மாடு வைத்துக் கட்டைத் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டு செல்லுதல்.
5. கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டடித்து மணிகளை உதிர்த்தல்.
6. காற்றுக்கு எதிரே நில்லாமல், காற்றின் குறுக்கே முறத்தால் தூற்றிப் பதர் பிரித்தல்.
7. நெல்லைக் குவித்து, மரக்காலால் அளந்து மூட்டை கட்டுதல். வைக்கோலைப் போர் போடுதல்.

அறுப்போர் ஒரு வரிசையாக ஒரே திசையில் முன்னேறுவர். அவர்களுக்கு முன்னால் நிற்கும் பயிரும் பின்னால் அறுத்த அரிகளும் இருக்க வேண்டும். தூற்றும் இடத்தில் பதர் ஒரு பக்கமாக மட்டுமே விழும். காட்சியில் கொடியோ மரக்கிளையோ அசைவதாகக் காட்டினால் அதுவும் அதே திசையில் சாய்ந்திருக்க வேண்டும்.

கதிர் அறுப்பில் பெண்களின் பங்கு மிகுதியாகும். சேலையின்மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துண்டு கட்டி வேலை செய்வது வயல்களில் பரவலாகக் காணப்படும் தோற்றமாகும். கடைகளில் கிடைக்கும் உழவர் பொம்மைத் தொகுப்புகளில் ஏர் பிடித்த ஆணும் கூடை ஏந்திய பெண்ணுமே மிகுதி. குனிந்து அறுக்கும் உருவங்களைக் கம்பிச் சட்டத்தின்மீது களிமண்ணோ எம்-சீல் போன்ற இருகூறுப் பசைமாவோ கொண்டு தனியே செய்துகொள்ள வேண்டியிருக்கும். கூலியை நெல்லாகவே அளந்து கொடுக்கும் வழக்கம் இருந்த காலத்தைக் காட்டும் காட்சியில், களத்து ஓரத்தில் கூலி நெல்லைப் பெற்றுக்கொள்ளும் ஆட்களும் இடம்பெற வேண்டும்.

பறவைகளும் மரங்களும்

அறுவடை நடக்கும் வயலில் உண்ணிக்கொக்குகளும் இரட்டைவால் குருவிகளும் பூச்சிகளைத் தேடி வருவது இயல்பு. வரப்போரங்களில் பனையும், தரிசில் சீமைக் கருவேலமும், களத்து மேட்டில் வேம்பு அல்லது புளியும் பொருத்தமானவை.

பொதுவாகக் காணப்படும் பிழைகள்

• மாடு கட்டிப் போரடித்தலையும் அறுவடை இயந்திரத்தையும் ஒரே களத்தில் காட்டுதல்.
• ஐரோப்பியக் கோதுமை வயலில் உள்ளதுபோல் கதிர்க்கட்டுகளைக் கூம்பாக நிறுத்தி வைத்தல்.
• குறுகிய கருக்கரிவாளுக்குப் பதிலாக நீண்ட பிடியுள்ள வெளிநாட்டு அரிவாளைக் கொடுத்தல்.
• வைக்கோல் போரின் உச்சியைத் தட்டையாக விடுதல். மழைநீர் வழிந்தோடும்படி உச்சி சரிவாகவே வேயப்படும்.
• ஆட்களை வயலில் ஒழுங்கின்றிச் சிதறவிடுதல்.
• தொழிற்கூடங்களையும் மின்கோபுரங்களையும் விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி என்று பெயர்ப்பலகை மட்டும் வைத்தல்.

பாதுகாப்பு

உண்மையான வைக்கோலும் நெல்மணியும் பயன்படுத்தப்பட்ட காட்சிகளை எலி, அந்துப்பூச்சி, பூஞ்சணம் ஆகியவை விரைவில் அழிக்கும். பொருள்களை நன்கு வெயிலில் உலர்த்தி, நெகிழிப் பையில் இட்டுச் சில நாட்கள் உறைநிலைப் பெட்டியில் வைத்த பின் பயன்படுத்துவது பூச்சிகளைக் கட்டுப்படுத்த உதவும். நெல்மணிகளுக்குப் பதிலாக மரத்தூளும் சிறுமணலும் பயன்படுத்துவது பாதுகாப்பானது. நேரடி வெயில் வண்ணங்களை வெளிறச் செய்வதால், கண்ணாடிப் பேழையைச் சன்னலுக்கு எதிரே வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கல்விப் பயன்பாடு

அளவுத்திட்டக் கணக்கு, பரப்பளவு, பருவங்கள், பாசனம், பயிர் வகைகள் ஆகியவற்றை மாணவர் ஒருசேரக் கற்க இக்காட்சிகள் உதவுகின்றன. ஒரே வயலை இரு வேறு ஆண்டுகளில் காட்டும் இணைக் காட்சி இதற்கு மிகவும் ஏற்றது. ஏறத்தாழ இருபது ஆட்கள் ஒரு நாள் முழுதும் அறுத்த ஒரு ஏக்கரை இயந்திரம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஆட்களை எண்ணிப் பார்க்கும் மாணவருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

கையறுவடையின் கருவிகளையும் சொற்களையும் நேரில் அறிந்தோர் பெரும்பாலும் முதியோரே. அரி, பிரி, சும்மாடு, பதர், மரக்கால் போன்ற சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பொருளையோ செயலையோ குறிப்பவை. மாதிரி செய்யும் முன் இவர்களிடம் கேட்டு அளவுகளையும் முறைகளையும் குறித்துக்கொள்ளுதல் காட்சியைத் திருத்தமாக்கும். வீட்டு மனையாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறிவிட்ட ஒரு வயலைப் பற்றி அவ்வூரில் எஞ்சும் ஆவணமாகவும் அக்குறிப்புகள் அமையக்கூடும்.

இவற்றையும் பார்க்க

• பொம்மைக் கொலு
• நெல்
• ஏரிப் பாசனம்
• கும்மிடிப்பூண்டி
• திருவள்ளூர் மாவட்டம்